சனிக்கிழமை நோயாளி

அன்புச் செல்வம் பட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இந்த 'எல்லோரும்' என்பதை எழுதுவதற்கு முன் ஒரு தடவை திரும்பி உன் அம்மாவைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் மடித்து வைத்த துணி ஒவ்வொன்றையும் எடுத்து இது மனுஷன் மடிச்சதா மாடு மடிச்சதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆகவே சுகம்தான். அதுபோல் நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய காலுறை எனக்குச் சரியாக இருக்கிறது, அம்மாவுக்குப் பெரிது, அதனால் அவளுடையதையும் நானே போட்டுக்கொண்டேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். அம்மாவுக்கு வலது கையில் கண்ணாடி கிழித்துப் பெரிய காயம், ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் ஏற்றி, தையல் போட்டு, வீட்டுக்கு வந்து, இப்போது தையலும் பிரித்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுகிறேன், பதறிப்போய் டிக்கெட் கிக்கெட் போட்டுவிடாதே. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தபோது அம்மா எதற்குச் சால்வை போர்த்தியிருக்கிறாள் என்று கேட்டாய், குளிர் என்றோம், பின்னால் மின்விசிறி தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்தாய் பார், அப்போதிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு வராது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், சொன்னால் அவள் போனைப் பிடுங்கி, ஒண்ணுமில்லடி சின்னக் கீறல் என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள், நடந்தது அப்படி ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை. நான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் உன் அம்மாவின் கட்சி வேறு என் கட்சி வேறு, அந்த இடம் வரும்போது சொல்கிறேன், தீர்ப்பை நீ சொல்.

போன வருஷம் நம் தெருமுனையில் பார்சல் கொண்டுவருகிறவர் வண்டியோடு சறுக்கி விழுந்தது உனக்குத் தெரியும், பாதிதான் தெரியும். தொடையில் தகரம் கிழித்துவிட்டது. கூட்டத்துக்குக் குறைவில்லை, ஒருவர் தண்ணீர் நீட்டினார், ஒருவர் அட்டையால் விசிறினார், நாலு பேர் படம் எடுத்தார்கள், எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள், கிழிந்த இடத்தில் ஒரு கை வைத்து அழுத்த மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கெட்டவர்கள் இல்லை பட்டு, தெரியாதவர்கள். அம்மா காய்கறிப் பையோடு வந்து கூட்டத்தை விலக்கி உட்கார்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒரு ஆயுள் முழுவதும் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தவள், சாவைப் பார்க்காதவள் இல்லை, ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமே கிடையாது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் யாராவது ஒரு ஆளு நல்லா அமுத்திப் பிடிச்சிருந்தா போதும், அவ்வளவுதான், அவ்வளவுதான் என்று பாத்திரம் கழுவும்போதுகூடத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, டீ போட்டுக் கொடுப்பேன், அதிலும் சர்க்கரை அதிகம் என்பாள்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நம் வீட்டுக்குக் கீழே தையல்கடை இருக்கிறதல்லவா, அங்கே சனிக்கிழமைதோறும் மிஷின்களை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்துத் தெருக்காரர்களுக்கு ரத்தம் நிறுத்துவது எப்படி என்று வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். வகுப்பு என்றால் அடிபட்டவர் என்று ஒருவர் படுக்க வேண்டுமே, யார் படுப்பது, எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் என்னைப் பார்த்தார்கள். டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்தே சம்பாதித்தேன், ரிட்டயர் ஆன பிறகு படுத்தே சேவை செய்கிறேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. உன் அம்மாகூடப் பெருமையாகத்தான் சொன்னாள், இத்தனை வருஷத்துல இந்த மனுஷனுக்குப் பொருத்தமான வேலை இப்பத்தான் கிடைச்சிருக்கு என்று. அவள் கையைத் தட்டி ஆச்சு அடிபட்டுடுச்சு என்று சொன்னால் நான் அந்த இடத்திலேயே சரிந்து படுத்துவிட வேண்டும், உடனே எல்லோரும் என் மேல் வந்து விழ வேண்டும், இதுதான் பாடம். வாரம் தவறாமல் செய்து செய்து தூக்கத்தில் கைதட்டினால்கூடப் படுத்துவிடுகிற அளவுக்கு எனக்குக் கை வந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் என் கட்சிக்கு இதுதான் சாட்சி.

பாடம் பெரிய விஷயமில்லை, கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன், நீயும் படித்துக்கொள். ரத்தம் பீறிக்கிட்டு வந்தா ஒருத்தர் ஆம்புலன்சுக்குப் பேசணும், ஒருத்தர் அமுத்தணும், மத்தவங்க வழி விடணும். சுத்தமான துணி இருந்தா நல்லது, இல்லன்னா கிடைச்ச துணி. காயம் ஆழமா இருந்தா துணியை உள்ளே திணிச்சு அதுக்கு மேல ரெண்டு கையையும் வெச்சு உடம்புப் பாரத்தையே இறக்கணும். நின்னுதான்னு எடுத்துப் பார்க்கக் கூடாது, நனைஞ்சா மேல இன்னொரு துணி. கை கால்ல அப்படியும் நிக்கலன்னா காயத்துக்கு மேல் பக்கமா பட்டையைக் கட்டி, ரத்தம் நிக்கிற வரைக்கும் குச்சியைத் திருகி, கட்டின நேரத்தை எழுதி வெச்சிடணும், டாக்டர்தான் அவுக்கணும். அவ்வளவுதான் பாடம். ஆனால் படித்தவர்களின் லட்சணத்தைக் கேள். தையல்கார அம்மாவுக்குத் துணியைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது, ஒரு தையல் போட்டால் திருப்பிப் பார்க்கிற கை அது, அம்மா மர ஸ்கேலால் அந்தக் கையை எத்தனை தடவை தட்டியிருப்பாள் என்று எனக்கே பாவமாக இருக்கும். மாடிவீட்டு வக்கீல் இருக்கிறாரே, அவர் பக்கத்தில் மண்டியிட்டு, ஐயா தங்களுக்கு உதவி செய்யத் தாங்கள் சம்மதிக்கிறீர்களா என்று கேட்பார். நான் கண்ணைத் திறக்காமல், வக்கீல் சார் நான் செத்து ரொம்ப நேரமாச்சு என்பேன். எதிர்க்கடைக் கண்ணாடிக்காரரோ, ரத்தம் என்கிற பேச்சே எனக்கு ஆகாது என்று பாய்ப் பக்கமே வரமாட்டார். ஒரு தடவை பட்டை கட்டின நேரத்தைத் தையல் சாக்பீஸால் என் நெற்றியில் எழுதிவிட்டார்கள், நான் அதோடு பாங்குக்குப் போய் வரிசையில் நின்று திரும்பிவிட்டேன், கவுண்டரில் இருந்த அம்மாள் இரண்டு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் விட அவர்கள் அழுத்துகிற அழுத்து இருக்கிறதே, வலிக்குது வலிக்குது என்று நான் கத்தினால் உன் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், வலிக்கட்டும், அப்பத்தான் சரியா அமுத்துறாங்கன்னு அர்த்தம் என்பாள். இத்தனை மாதத்தில் நான் ஒரு தடவைகூட யாரையும் அழுத்தியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அன்றைக்கு நடந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை, கண்ணாடிக்காரர் கடைக்கு ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வேனில் வந்தது. உன் அம்மாவுக்கு யார் எந்தச் சாமானை இறக்கினாலும் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும், அது உனக்குத் தெரிந்ததுதான், கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, அந்தப் பக்கம் தூக்குங்க என்று நடைபாதையில் நின்று நாட்டாமை செய்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பால் வாங்கிக்கொண்டு நின்றேன். கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தது, விழுகிற சாமானைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற கை அவளுக்கு ஏது, நீட்டிப் பிடித்தாள், கண்ணாடி உடைந்து முழங்கைக்குக் கீழே உள்பக்கமாக நீளக் கிழித்துவிட்டது. நான் பாலைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கி உட்கார வைத்தேன், என் சட்டை பேன்ட் எல்லாம் அவள் ரத்தம். அவள் காயத்தைப் பார்த்தாள், பார்த்து நிதானமாக, ஆச்சு, அடிபட்டுடுச்சு என்றாள்.

பட்டு, நான் படுத்துவிட்டேன். உன் அம்மா அது மயக்கம் என்கிறாள், பழக்கதோஷம் என்பது என் கட்சி. எதுவானாலும் அந்த நடைபாதையில் அவளுக்குப் பக்கத்தில் நானும் மல்லாந்து படுத்துவிட்டேன், அதற்கு மேல் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வருகிறது. தையல்கார அம்மா கடையிலிருந்து பறந்து வந்தாள், வரும்போதே வகுப்புக்கென்று ஆணியில் மாட்டியிருந்த குச்சி கோத்த பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள், வக்கீல் மாடியிலிருந்து ஒரே காலில் செருப்போடு இறங்கி ஓடி வந்தார், வகுப்பில் படித்த ஒருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. எல்லோரும் நேராக வந்து என் மேல் விழுந்தார்கள். படுத்திருப்பவன் நான், மேலெல்லாம் ரத்தம், அவர்களுக்கும் பழக்கம்தானே. இருவர் என் கையை அழுத்தினார்கள், தெருவிலேயே இருந்த ஒரே பட்டையைத் தையல்கார அம்மா என் தொடையில் கட்டிக் குச்சியைத் திருகினாள், என்றைக்கும் இல்லாத திருநாளாகத் தூக்கிப் பார்க்காமல் திருகினாள். பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்த உன் அம்மா தொண்டை கிழியக் கத்தினாள், ஐயோ அவருக்கு ஒண்ணும் இல்ல, அடிபட்டது எனக்கு, அந்த ஆளை விடுங்க என்று. கத்திக்கொண்டே, தையல்கார அம்மா திருகுவது சரியாக இருக்கிறது என்பதையும் சொன்னாள், அதுதான் உன் அம்மா.

அப்புறம்தான் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள், திரும்பிய வேகத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, டீச்சருக்கே அடிபட்டால் யாரைக் கேட்பது. அவள்தான் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லாமல் விரலால் காட்டி ஏவினாள், நீங்க ஆம்புலன்சுக்குப் பேசுங்க, நீங்க துணி கொண்டாங்க என்று. வக்கீல் போன் போட்டு முகவரியைப் பத்திரம் எழுதுவதுபோல் நாலு எல்லையோடு சொன்னார், கிழக்கே தையல்கடை மேற்கே கண்ணாடிக்கடை என்று, ஆனால் ஆம்புலன்ஸ் ஒரு சந்து தவறாமல் வந்து நின்றதற்கு அதுதான் காரணம், இனி அவரைக் கேலி செய்யமாட்டேன். தையல்கார அம்மா கடைக்கு ஓடி யாருக்கோ தைத்து வைத்திருந்த ஜன்னல் திரையைச் சரக்கென்று கிழித்தாள். கண்ணாடிக்காரர் வெறும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். இவ்வளவு நேரமும் அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். பிறகு பேச்சு கொஞ்சம் குழறியது, பிறகு நின்றுவிட்டது.

உன் அம்மா பேச்சு நின்றதை நான் அதற்கு முன் கேட்டதில்லை பட்டு. அந்த நிமிஷம்தான் எனக்கு எழுந்துகொள்ளத் தோன்றியது. ரத்தம் அவள் விரலிடுக்கில் விட்டு விட்டுப் பீறிக்கொண்டிருந்தது, அவளைப் படுக்க வைத்துத் திரைத்துணியைக் காயத்துக்குள் திணித்து இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். எனக்கு அழுத்தத் தெரியாது, ஆனால் சரியாக அழுத்தினால் அழுத்தப்படுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று இந்தத் தெருவில் என்னைவிடத் தெரிந்தவன் யார். எந்த அழுத்தில் எனக்கு உயிர் போகிற மாதிரி இருக்குமோ அந்த அழுத்து வரும்வரைக்கும் பாரத்தை இறக்கினேன். துணி நனைந்தது, தையல்கார அம்மா மேலே இன்னொரு துணி வைத்தாள், அதுவும் நனைந்தது. பட்டை, பட்டை என்று எல்லோரும் தேடினார்கள், பட்டை என் தொடையில் இருந்தது. என் காலிலிருந்து அதை உருவி அவள் மேற்கையில் மாட்டித் திருகினேன், நான் கையை எடுத்த இடத்தில் தையல்கார அம்மா கையை வைத்துக்கொண்டாள். அப்போது உன் அம்மா கண்ணைத் திறந்து, வலிக்குதுங்க என்றாள். உன்னைப் பெற்றபோதுகூட அவள் என்னிடம் அந்த வார்த்தை சொன்னதில்லை. நான், வலிக்கட்டும் என்றேன், சொல்லிவிட்டு இன்னும் ஒரு சுற்றுத் திருகினேன், ரத்தம் நின்றது. நான் அழுதேன் என்று உன் அம்மா எல்லோரிடமும் சொல்லுவாள், அது உண்மை, அதில் மட்டும் எங்களுக்குள் இரண்டு கட்சி இல்லை.

ஆம்புலன்சில் வந்தவர் பட்டையைப் பார்த்தார், சாக்பீஸால் அவள் நெற்றியில் நான் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தார், டிப்போ கையெழுத்து, தெளிவாக இருக்கும், யாருங்க கட்டினது என்றார். அந்த நிலையிலும் உன் அம்மா, எங்க வீட்டு நோயாளி என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று தொடங்கினார், மிச்சத்தை நான் கேட்டுக்கொள்ளவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வைத்துக்கொள். விரல்கள் மடங்குகின்றன, நாள்பட நாள்பட பலம் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் சமையல் நான்தான், அவள் வலது கை செய்ய வேண்டிய வேலையை எல்லாம் வாய் செய்கிறது.

நேற்று மறுபடியும் சனிக்கிழமை வகுப்பு. கடை கொள்ளாத கூட்டம், முன்வரிசையில் யார் என்று நினைக்கிறாய், கண்ணாடிக்காரர். தையல்கார அம்மா ஆணியில் ஒன்றுக்கு மூன்று பட்டை மாட்டியிருக்கிறாள். நான் வழக்கம்போல் பாயில் படுக்கப் போனேன், அம்மா, போதும் படுத்தது, நீங்க எழுந்து சொல்லிக்கொடுங்க, நான் படுக்கிறேன் என்று சொல்லிப் பாயில் படுத்துக்கொண்டாள். அவள் நல்ல கையில் துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக் காட்டி, இப்படித்தான் அமுத்தணும், எடுத்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன், நடுவில் நாலு தப்பு சொன்னேன், அவள் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பக்கென்று ஆகிக் குனிந்து பார்த்தால் உன் அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறாள். நன்றாக, வாய் லேசாகத் திறந்து, குறட்டையோடு. ஒரு வருஷமாக வராத தூக்கம். வக்கீல் எழுந்து போய்ச் சத்தமில்லாமல் கடைக் கதவைச் சாத்தினார். நான் கையை எடுத்தால் விழித்துவிடுவாளோ என்று எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், கால் மரத்துப்போயிற்று, போகட்டும்.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை பட்டு. இங்கே உன் அம்மாவுக்கு அடிபட்டபோது பக்கத்தில் நான் இருந்தேன், கோணல்மாணலாகச் செய்தாலும் கை வைக்கத் தெரிந்த நாலு பேர் இருந்தார்கள். அங்கே உனக்கு ஒன்று என்றால் நாங்கள் எத்தனை வேகமாகக் கிளம்பினாலும் வந்து சேர ஒரு நாள் ஆகும். ஆகவே நீ கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. உன் பக்கத்து வீட்டுக்காரருக்கு, உன் ஆபீசில் உனக்கு அடுத்த மேசையில் உட்காருகிறவருக்கு, நீ ரொட்டி வாங்குகிற கடைக்காரருக்கு எல்லாம் சொல்லிக்கொடு, நீ பாயில் படு, அவர்கள் உன்னை அழுத்தட்டும், வலிக்குது என்று சொன்னால் அதை வைத்து அவர்கள் சரியாகக் கற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள். அவர்கள் முகம்கூட எங்களுக்குத் தெரியாது, ஆனால் உன்னை அவர்கள் கையில்தான் விட்டு வைத்திருக்கிறோம்.

தீர்க்காயுசாக, நோய்நொடியில்லாமல், எங்கள் ஆயுளையும் சேர்த்து நீ வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். பையில் எப்போதும் ஒரு சுத்தமான துணி வைத்துக்கொள், மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, இந்தத் தடவை சால்வை இருக்காது, கையைக் காட்டச் சொல்கிறேன். மயக்கமா பழக்கதோஷமா என்று உன் தீர்ப்பை அப்போது சொல், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
(பதவி உயர்வு பெற்ற நோயாளி)